எழுந்திரிக்காம வேலை பாரு, கண்ணு! பல் க்ளினிக் நடத்துற தங்கச்சிகளுக்கு அக்காவோட டிப்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு என் தங்கச்சி ஃபோன் பண்ணினா. அவ க்ளினிக் திறந்து எட்டு மாசம் ஆச்சு. "அக்கா, காலையில 9 மணிக்கு உள்ள போனவ இப்பத்தான் ஷட்டரை இறக்கினேன். பார்த்தது 11 பேர்தான். இடுப்பு கழண்டு போச்சு. எனக்குக் கை வேகம் பத்தலையோ?"ன்னு கேட்டா. அழுகையை அடக்கிட்டுப் பேசுறது தெரிஞ்சது.

அவளுக்கு அன்னிக்கு ராத்திரி சொன்னதையெல்லாம் இங்க எழுதறேன். ஒரே ஒரு சேர், ஒரே ஒரு அசிஸ்டென்ட், மாசாமாசம் கட்ட வேண்டிய தவணைன்னு ஓட்டிட்டிருக்கிற எல்லாத் தங்கச்சிகளுக்கும் தம்பிகளுக்கும் இது உதவும். நான் 18 வருஷமா திருப்பூர்ல க்ளினிக் வச்சிருக்கேன். இதுல இருக்கிற ஒவ்வொண்ணும் நான் செஞ்சு பார்த்தது.

முதல்ல ஒரு பாட்டியைப் பத்திச் சொல்லணும். நான் க்ளினிக் போட்ட ரெண்டாவது வருஷம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தாங்க. எழுபது வயசு இருக்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லுல சொத்தை. குழியைச் சுத்தம் பண்ணி, ஆசிட் ஜெல் வச்சு, கழுவி, காய வச்சு, பாண்ட் பூசலாம்னு கையை நீட்டினா, அப்ளிகேட்டர் டிப் டிரேயில இல்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். காலி டப்பா. அசிஸ்டென்ட் உள் ரூமுக்கு ஓடினா. நாங்க திரும்பி வர்றதுக்குள்ள பஞ்சு ஊறி, குழி முழுக்க எச்சில். திரும்பவும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். பாட்டி மெல்லக் கையைத் தூக்கி, "தாவாங்கட்டை நோகுது சாமி, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கட்டுமா?"ன்னு கேட்டாங்க. அரை மணி நேர வேலை ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. வெளிய காத்திருந்த ரெண்டு பேர் எழுந்து போயிட்டாங்க.

அந்த ஒண்ணேகால் மணி நேரத்துல என் கை பல்லுல இருந்தது பாதி நேரம்கூட இல்லை. மீதி நேரமெல்லாம் அந்த அம்மா வாயைத் திறந்துட்டு எனக்காகக் காத்திருந்தாங்க. அன்னிலேர்ந்து நான் கை வேகத்தைப் பத்திக் கவலைப்படுறதில்லை. ஸ்டூல்லேர்ந்து எத்தனை தடவை எழுந்திரிக்கிறேன்னுதான் பார்க்கிறேன். கீழ சொல்ற எல்லா டிப்ஸுக்கும் இதுதான் வேர்.

1. ஒரு வாரம் கோடு போடு

சேர் பக்கத்துச் சுவர்ல ஒரு வெள்ளைப் பேப்பரை ஒட்டு. வேலைக்கு நடுவுல நீ எழுந்திரிக்கிற ஒவ்வொரு தடவையும் அசிஸ்டென்ட் ஒரு கோடு போடட்டும். பக்கத்துல ரெண்டு வார்த்தையில காரணம் எழுதட்டும்: 'பர் எடுக்க', 'ஃபோன்', 'எக்ஸ்ரே கவர்', 'கட்டணம் பேச'. இதுக்குச் சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம்.

ஆறு நாள் கழிச்சுப் பார்த்தா காரணங்கள் எல்லாம் மூணு கூட்டத்துல அடங்கிடும். பொருள் கைக்கு எட்டலை, சுத்தமான கருவி தயாரா இல்லை, வெளிய யாரோ கூப்பிட்டாங்க. உன் பேப்பர்ல எது ஜாஸ்தியோ அதைத்தான் முதல்ல சரி பண்ணணும். பேப்பர் என்ன சொல்லுதுன்னு பார்க்காம புது மெஷின் எதையும் வாங்கிடாதே.

2. ஒரு வேலைக்கு ஒரு டிரே

செக்கப், க்ளீனிங், ஃபில்லிங், ரூட் கனால், பல் எடுக்கிறது, கேப்புக்கு அளவு எடுக்கிறது. நம்ம க்ளினிக்ல தினமும் நடக்கிற வேலை இந்த ஆறுதான். ஆறுக்கும் தனித்தனி டிரே போட்டுடு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கலர். ஆட்டோகிளேவ் சூடு தாங்குற கலர் டேப் டென்டல் கடையில கிடைக்கும், கருவியோட பிடியில சுத்திடு. மஞ்சள் டேப் போட்ட எக்ஸ்கவேட்டர் மஞ்சள் டிரேக்குத்தான் திரும்பி வரணும்.

என் ஃபில்லிங் டிரேயை அப்படியே சொல்றேன். இடப்பக்கத்துலேர்ந்து: மிரர், ப்ரோப், ட்வீசர், எக்ஸ்கவேட்டர், காம்போசிட் வைக்கிற கருவி ரெண்டு, பர்னிஷர், மேட்ரிக்ஸ் ரிடெய்னர். மேல் வரிசையில பேண்ட், ரெண்டு சைஸ் வெட்ஜ், அப்ளிகேட்டர் டிப் மூணு, நீல ஆர்டிகுலேட்டிங் பேப்பர், பஞ்சு உருளை ஆறு. எந்த வரிசையில கைக்கு வேணுமோ அந்த வரிசையிலேயே படுக்கும். தடவிப் பார்த்தே எடுத்துடலாம், கண்ணைப் பல்லுலேர்ந்து எடுக்க வேண்டாம்.

ஆசிட் ஜெல், பாண்ட், காம்போசிட் ட்யூப் மாதிரி மூடி போட்ட சாமான்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி வை. ஃபில்லிங்னா அந்த ஒரு பெட்டியும் அந்த ஒரு டிரேயும் டிராலிக்கு வந்தா போதும். கிளவுஸ் போட்ட கையோட அலமாரிக் கதவைத் தொடுற கெட்ட பழக்கமும் இதோட ஒழியும்.

டிரே முழுசா அடுக்கினதும் மேலேர்ந்து ஒரு ஃபோட்டோ எடு. பிரிண்ட் போட்டு அலமாரிக் கதவோட உள்பக்கம் ஒட்டு. புதுசா சேர்ற பொண்ணு மூணாம் நாளே தப்பில்லாம அடுக்கிடுவா. நீயும் தினமும் 'அது எங்க, இது எங்க'ன்னு கத்த வேண்டியதில்லை.

3. ஆட்டோகிளேவுக்குக் கணக்குப் போடு

நிறைய க்ளினிக்ல சாயங்காலம் ஏழு மணிக்கு வேலை நின்னு போறதுக்குக் காரணம் கருவி செட் பத்தாததுதான். ஆவி மேல நிறைஞ்சு காத்தைக் கீழ தள்ளுற சாதாரண ஆட்டோகிளேவுல, கவர் போட்ட கருவிகளுக்கு 121 டிகிரியில 30 நிமிஷம் வேணும். அது காயறதுக்கு இன்னும் 15லேர்ந்து 30 நிமிஷம். முன்னாடி கழுவுறது, துடைக்கிறது, கவர் போடுறது, மெஷின் சூடாகிறது, கடைசியில ஆறுறது எல்லாம் சேர்த்தா ஒரு சுத்துக்கு ரெண்டு மணி நேரம் வச்சுக்கோ.

இப்பக் கணக்கு. மணிக்கு ரெண்டு பேஷன்ட் பார்க்கிறேன்னு வை. ரெண்டு மணி நேரத்துல நாலு செட் மெஷினுக்குள்ள இருக்கும், அதே நேரத்துல நாலு செட் புழக்கத்துல இருக்கும். தவறி விழுந்தா எடுக்க ரெண்டு. ஆக, மிரர், ப்ரோப், ட்வீசர் குறைஞ்சது பத்து செட் வேணும். புது லைட், புது சேர்னு ஆசைப்படுறதுக்கு முன்னாடி இதை வாங்கு. ஏரோட்டரும் ஒண்ணோட நிறுத்தாதே, மூணாவது வேணும். ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் மாத்தணும், எண்ணெய் விட்டுத்தான் ஆட்டோகிளேவுக்கு அனுப்பணும்.

அவசரத்துக்குன்னு காயறதுக்கு முன்னாடியே கவரை வெளிய எடுக்காதே. ஈரக் கவர் வழியா கிருமி உள்ள போயிடும், அதுவரைக்கும் செஞ்சதெல்லாம் வீண். மெஷினை மூட்டை கட்டி அடைக்கவும் கூடாது. கவருக்கும் கவருக்கும் நடுவுல ஆவி போக இடம் வேணும்.

4. ஊசி போட்ட பிறகு வர்ற நிமிஷங்கள்

கீழ்த்தாடைக்கு பிளாக் போட்டா குறைஞ்சது 5 நிமிஷம் ஆகும், சிலருக்கு 10 நிமிஷம்கூட ஆகும். உதடு தடிச்ச மாதிரி இருக்கா, பாதி உதடு மரத்துப் போச்சான்னு கேட்டு, ப்ரோப் வச்சுப் பார்த்துட்டுத்தான் தொடங்கணும். மரக்காம ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தணும், மறுபடி ஊசி போடணும். அதோட அந்த ஆள் இனிமே பல் டாக்டர்னாலே பயப்படுவார். 5 நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் போய் 25 நிமிஷத்தை விட்ட கதைதான்.

இந்த நேரத்தை வீணாக்கவும் வேண்டாம். ஃபைல்ல இன்னிக்கு நடக்கிறதை எழுதிடு. எக்ஸ்ரேவைக் காட்டி எத்தனை வேர், எத்தனை தடவை வரணும்னு சொல்லு. கேப் வேலைன்னா கலர் பார்த்துடு. ஆனா பேஷன்ட்டைத் தனியா விட்டுட்டு வெளிய மட்டும் போகாதே. மயக்கம் வர்றவங்களுக்கு ஊசி போட்ட உடனேதான் பெரும்பாலும் வரும். நீயோ அசிஸ்டென்ட்டோ ஒருத்தர் முகத்தைப் பார்த்துட்டே இருக்கணும். வெளிறினாலோ வேர்த்தாலோ உடனே சேரைச் சாய்ச்சு, காலை உயர்த்து.

5. ஊர் எப்ப வரும்னு தெரிஞ்சுக்கோ

அப்பாயின்ட்மென்ட் புத்தகம் உன் ஊரோட காலண்டரைப் பார்த்து எழுத வேண்டியது. எங்க ஊர்ல பனியன் கம்பெனிகள்ல சனிக்கிழமை சம்பளம். அன்னிக்குச் சாயங்காலமும் ஞாயிறு காலையிலயும்தான் கூட்டம். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவங்க ராத்திரி எட்டரைக்கு மேலதான் கம்பெனியை விட்டு வெளிய வருவாங்க. அதனால சனிக்கிழமை மட்டும் பத்து மணி வரைக்கும் திறந்து வச்சு, மத்த நாள் எட்டரைக்கே மூடறேன். உன் ஊர்ல சந்தை எந்த நாள், சம்பளம் எந்த நாள், பஸ் எப்பக் கடைசி? இதை எழுதிட்டு அப்புறம் க்ளினிக் நேரத்தைப் போர்டுல போடு.

ராகு காலத்தையும் புத்தகத்துல குறிச்சு வச்சுக்கோ. திங்கள் ஏழரைலேர்ந்து 9, செவ்வாய் 3லேர்ந்து நாலரை, புதன் 12லேர்ந்து ஒன்றரை, வியாழன் ஒன்றரைலேர்ந்து 3, வெள்ளி பத்தரைலேர்ந்து 12, சனி 9லேர்ந்து பத்தரை, ஞாயிறு நாலரைலேர்ந்து 6. அந்த நேரத்துல புதுசா வைத்தியம் தொடங்க மாட்டேன்னு சொல்றவங்க நம்மகிட்ட நிறைய பேர். அவங்ககிட்ட வாதாட வேண்டாம். வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் புது ரூட் கனால் போட்டுட்டு அவங்க வரலைன்னு வருத்தப்படுறதைவிட, ஏற்கெனவே நடந்துட்டிருக்கிற வேலையை அங்க போடு. தையல் பிரிக்கிறது, ரெண்டாவது சிட்டிங், கேப் ட்ரையல் எல்லாம் சரியா வரும்.

சர்க்கரை இருக்கிறவங்களுக்குக் காலை நேரம் கொடு. சாப்பிட்டு, மாத்திரையோ இன்சுலினோ எடுத்துட்டு வரச் சொல்லு. பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு நீண்ட வேலையை மே மாச விடுமுறையில வை, பரீட்சை நேரத்துல வேண்டாம். ரூட் கனால் மாதிரி ஒரு மணி நேர வேலையை காலையில, கண்ணும் முதுகும் தெம்பா இருக்கிறப்ப பார்த்துடு. சாயங்காலம் சின்ன வேலைகள்.

வலின்னு துடிச்சுட்டு வர்றவங்க தினமும் இருப்பாங்க. அவங்களை எதிர்பாராத தொல்லையா நினைக்காதே, எதிர்பார்த்தே இடம் விடு. காலையில 20 நிமிஷம், சாயங்காலம் 20 நிமிஷம் புத்தகத்துல வெறுமையா இருக்கட்டும். அந்த 20 நிமிஷத்துல வலியை மட்டும் நிறுத்து. மீதி வேலைக்கு இன்னொரு நாள் குறிச்சுக் கொடு. ஒரே நேரத்துக்கு நாலு பேரை வரச் சொல்லிட்டு மூணு பேரை உட்கார வைக்கிறது வேண்டவே வேண்டாம். அவங்க ஒவ்வொருத்தரும் அரைநாள் கூலியை விட்டுட்டு வந்திருக்காங்க.

முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபோன் பண்ணி ஞாபகப்படுத்து. வாட்ஸ்அப்ல மெசேஜ் மட்டும் போதாது, 'வர்றேன்'னு பதில் வந்ததா பாரு. பதில் இல்லைன்னா அந்த நேரத்தைக் காத்திருப்போர் பட்டியல்ல இருக்கிறவங்களுக்குக் கொடு.

6. அசிஸ்டென்ட் உன்னோட அடுத்த ரெண்டு கை

காலேஜ்ல ஃபோர் ஹேண்டட் டென்டிஸ்ட்ரின்னு படிச்சோம், பரீட்சையில எழுதினோம், க்ளினிக் போட்டதும் மறந்துட்டோம். அசிஸ்டென்ட் ஓரமா நிக்கிறா, நாம ஒரு கையில மிரரும் ஒரு கையில ஏரோட்டருமா திண்டாடுறோம்.

பேஷன்ட் முகத்தை ஒரு கடிகாரமா நினைச்சுக்கோ. உச்சந்தலை 12 மணி, தாடைக்குக் கீழ 6 மணி. வலது கைப் பழக்கம்னா உன் ஸ்டூல் 8க்கும் 12க்கும் நடுவுல. அசிஸ்டென்ட் 2க்கும் 4க்கும் நடுவுல, உன்னைவிட நாலஞ்சு அங்குலம் உயரமா உட்காரணும். அப்பத்தான் அவளுக்கு வாய்க்குள்ள தெரியும். 12க்கும் 2க்கும் நடுவுல டிராலி. கருவி கைமாற வேண்டிய இடம் 4க்கும் 7க்கும் நடுவுல, தாடைக்கும் நெஞ்சுக்கும் மேல. ஊசியோ ப்ரோபோ முகத்துக்கு மேல, கண்ணுக்கு மேல கைமாறவே கூடாது.

இதைச் சொல்லிக்கொடுத்தா வராது, பழக்கித்தான் வரும். தினமும் முதல் பேஷன்ட்டுக்கு முன்னாடி 15 நிமிஷம், காலி சேர்ல, பத்து தடவை கருவி வாங்கிப் பழகு. நீ விரலை விரிச்சா அடுத்த கருவி உள்ளங்கைக்கு வரணும், முந்தினதை அவ சுண்டு விரலால வாங்கிக்கணும். என் அசிஸ்டென்ட்டுக்கு இது கைவர ஒரு மாசம் ஆச்சு. பத்தாம் வகுப்போட நின்ன பொண்ணு. இன்னிக்கு நான் கேட்காமலே எனக்கு என்ன வேணும்னு அவளுக்குத் தெரியும்.

அந்தப் பொண்ணை நல்லா வச்சுக்கோ, கண்ணு. மாசத்துக்கு ஒருத்தி மாறினா மாசாமாசம் நீ பாடம் எடுக்கணும். முதுகு சாய ஒரு நல்ல ஸ்டூல், மதியம் உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரம், சொன்ன தேதியில சம்பளம். எல்லாத்துக்கும் மேல, வேலைக்குச் சேர்த்ததும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுடு. முதல் ஊசி, ஒரு மாசத்துல ரெண்டாவது, ஆறாவது மாசம் மூணாவது. செலவு உன்னோடது. நம்ம கூட ஊசிக்கும் ரத்தத்துக்கும் நடுவுல நிக்கிறவங்களுக்கு நாம செய்ய வேண்டிய குறைஞ்சபட்சம் அதுதான்.

7. காலையில பத்து நிமிஷம் நின்னு பேசு

கதவைத் திறந்ததும் தண்ணி லைன் எல்லாத்தையும் ரெண்டு நிமிஷம் ஓட விடு. கம்ப்ரஸர்ல தேங்கின தண்ணியை வடி. ஆட்டோகிளேவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்து. இன்வெர்ட்டரைப் பாரு. இதை அசிஸ்டென்ட் முடிக்கிறதுக்குள்ள அன்னிய அப்பாயின்ட்மென்ட்டை நீ பார்த்துடலாம்.

அப்புறம் ரெண்டு பேரும் நின்னு மூணு கேள்வி கேட்டுக்கோங்க. இன்னிக்கு வர்றவங்கள்ல யாருக்குச் சர்க்கரை, பிரஷர், இதய வைத்தியம், கர்ப்பம்? லேப்லேர்ந்து வர வேண்டியது வந்துடுச்சா? எந்த வேலைக்கு எந்த டிரே? வேலைக்கு லீவு போட்டு வந்தவர்கிட்ட 'உங்க கேப் இன்னும் வரலை'ன்னு சொல்ற நிலைமை இந்தப் பத்து நிமிஷத்தால போயிடும்.

குப்பைத் தொட்டிகளையும் சேர் பக்கத்திலேயே வை. 2016 மருத்துவக் கழிவு விதிப்படி ரத்தம் பட்ட பஞ்சும் எடுத்த பல்லும் மஞ்சள்ல, கிளவுஸும் சக்‌ஷன் டிப்பும் சிவப்புல, ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுல, கண்ணாடி மருந்துக் குப்பி நீலத்துல. உடனுக்குடனே பிரிச்சுப் போட்டா ராத்திரி கிளறிப் பிரிக்கிற வேலையும் இல்லை, குத்திக்கிற ஆபத்தும் இல்லை.

8. லேப் வேலை திரும்பி வரக் கூடாது

ஒரு கேப்பைத் திருப்பிச் செய்யுறதுன்னா அளவு, லேப், சிட்டிங், பேஷன்ட்டோட பஸ் காசு எல்லாம் ரெண்டு மடங்கு. பெரும்பாலும் காரணம் ரெண்டே ரெண்டுதான்.

முதல்ல கலர். பல்லைச் சீவறதுக்கு முன்னாடியே பார்க்கணும். வாயைத் திறந்தே வச்சுப் பஞ்சு போட்டா பல்லு காய்ஞ்சு வெளுத்துக் காட்டும், அந்த வெளுப்புக்குக் கேப் செஞ்சா மறுநாள் தனியாத் தெரியும். லிப்ஸ்டிக் இருந்தா துடைக்கச் சொல்லு. சேர் லைட்டை அணைச்சுட்டு, ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துல, பல்லு ஈரமா இருக்கிறப்பவே ஷேட் கைடை வச்சுப் பாரு. நாலஞ்சு நொடிக்கு மேல உத்துப் பார்த்தா கண்ணு ஏமாத்தும். பேஷன்ட் கையில கண்ணாடியைக் கொடுத்து அவங்க சம்மதத்தையும் வாங்கு.

ரெண்டாவது அளவு. ஆல்ஜினேட்ல எடுத்த அளவை டேபிள்ல வச்சுட்டு அடுத்த பேஷன்ட்டைப் பார்க்கப் போகாதே. 10, 15 நிமிஷத்துக்குள்ள கல்லு ஊத்திடணும், இல்லைன்னா தண்ணி விட்டு அது சுருங்கிடும். கல்லு ஊத்துறதையும் அசிஸ்டென்ட்டுக்குக் கத்துக்கொடு.

லேப்புக்குன்னு ஒரு நோட்டு போடு. அனுப்பின தேதி, என்ன வேலை, கலர், வர வேண்டிய தேதி. அந்தத் தேதி பேஷன்ட் வர்ற நாளுக்கு ஒரு நாள் முன்னாடியே இருக்கட்டும்.

9. ஒரு சீட்டு நூறு ஃபோனைக் குறைக்கும்

ராத்திரி வர்ற ஃபோன்ல பாதி, நாம சொல்லியும் அவங்க காதுல விழாத விஷயம். ஊசி போட்டு, பல்லைப் பிடுங்கின மறு நிமிஷம் நாம பேசுறது யாருக்கும் மனசுல நிக்காது. பெரிய எழுத்துல ஒரு சீட்டு அடிச்சுக் கொடு. என் சீட்டுல இருக்கிறது இதுதான்:

பஞ்சை முக்கால் மணி நேரம் இறுக்கிக் கடிச்சிருங்க. எச்சிலை விழுங்குங்க, துப்பாதீங்க. இன்னிக்கு வாய் கொப்பளிக்க வேண்டாம், நாளையிலேர்ந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில கொப்பளிங்க. இளநீரோ ஜூஸோ, ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டாம். சூடு ஆறின தயிர்ச்சாதம், இட்லி சாப்பிடுங்க. பீடி, சிகரெட், வெத்திலை பாக்கு வேண்டாம். ரத்தம் கசிஞ்சா சுத்தமான பஞ்சை மடிச்சு வச்சு அரை மணி நேரம் கடிங்க, அப்பவும் நிக்கலைன்னா கூப்பிடுங்க.

பின்பக்கம் இதையே ஹிந்தியில அடிச்சிருக்கேன். எங்க ஊர்ல ஒடிசா, பீகார்லேர்ந்து வந்து வேலை பார்க்கிற பசங்க நிறைய. அவங்க பயத்தோட வர்றாங்க, புரியாம தலையாட்டிட்டுப் போறாங்க. அவங்களுக்குப் புரியற மொழியில ஒரு சீட்டு கைக்குக் கொடுத்தா முகம் மலர்றதை நீயே பார்ப்பே.

செலவையும் இப்படியே எழுதிக் கொடுத்துடு. மொத்தம் எத்தனை தடவை வரணும், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு, எது அவசரம், எது ஆறு மாசம் கழிச்சுச் செஞ்சாலும் போதும். முதல் நாளே தெளிவா எழுதின க்ளினிக்ல யாரும் கவுன்ட்டர்ல நின்னு பேரம் பேச மாட்டாங்க. ஒரே பக்கத்துல மூணு ஃபில்லிங் இருந்தா ஒரே ஊசியில, ஒரே சிட்டிங்குல முடிக்கலாமான்னு கேளு. உனக்கும் மிச்சம், அவங்களுக்கும் மிச்சம்.

10. கடைசி டப்பாவைத் தொடும்போதே ஆர்டர்

பாட்டி அன்னிக்குக் காத்திருந்தது ஒரு காலி டப்பாவால. அதனால எந்தப் பொருளும் ரெண்டு டப்பா இருக்கணும். ரெண்டாவதைத் திறக்கிற அன்னிக்கே ஆர்டர் சீட்டுல பேர் ஏறணும். அந்த ரெண்டாவது டப்பாவுல ரப்பர் பேண்ட் போட்டு ஒரு சிவப்பு அட்டையைச் சொருகி வை. அட்டை கைக்கு வந்தா நேரா ஆர்டர் சீட்டு தொங்குற ஆணிக்குப் போகும். காலாவதி தேதி முன்னாடி வர்றது முன் வரிசையில இருக்கட்டும்.

11. இங்கெல்லாம் அவசரப்படாதே

இதுவரைக்கும் நேரத்தைச் சேமிக்கச் சொன்னேன். சில இடங்கள்ல நேரத்தைச் செலவு பண்ணச் சொல்றேன். சேமிச்சதே இதுக்காகத்தான்.

பழைய வியாதியைக் கேட்கிறப்ப நின்னு கேளு. 'எதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா'ன்னா நிறைய பேர் இல்லைன்னுடுவாங்க. 'இதயத்துக்கு? ரத்தம் உறையாம இருக்க? பிரஷருக்கு? சர்க்கரைக்கு?'ன்னு ஒவ்வொண்ணாக் கேளு. மாத்திரை அட்டையை எடுத்துட்டு வரச் சொல்லு. ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடுற மாத்திரையை நீயா நிறுத்தச் சொல்லாதே, அவங்க டாக்டர்கிட்ட பேசு.

ஆசிட் ஜெல்லுக்கு 15 நொடின்னா 15 நொடி. காம்போசிட்டை ரெண்டு மில்லிமீட்டர் அடுக்கா வச்சு, ஒவ்வொரு அடுக்குக்கும் 20 நொடி லைட். மொத்தமா நிரப்பி ஒரே தடவை லைட் அடிச்சா இன்னிக்கு நாலு நிமிஷம் மிச்சம், ஆறு மாசத்துல அதே பல்லுல திரும்ப ஒரு மணி நேரம் வேலை.

பல் எடுக்கிறதுக்கு முன்னாடி நம்பரைச் சத்தமாச் சொல்லு. பல் வரிசை சீராக்கக் க்ளிப் போடப் போற பிள்ளைக்கு 14, 24ன்னு சீட்டுல எழுதி வரும். அந்தப் பல்லுல சொத்தை இருக்காது, வலி இருக்காது, எதுன்னு அடையாளம் காட்ட ஒண்ணும் இருக்காது. சீட்டை அசிஸ்டென்ட் வாசிக்கட்டும், நீ பல்லை எண்ணு, எக்ஸ்ரேயைப் பாரு, அம்மாவையும் பார்க்கச் சொல்லு. அப்புறம்தான் ஃபோர்செப்ஸை எடு. எடுத்த பல்லைத் திருப்பி வைக்க நம்மால முடியாது.

கடைசியா ஒண்ணு. சேரைச் சாய்க்கிறதுக்கு முன்னாடி, மாஸ்க்கைக் கீழ இறக்கி, அவங்க கண்ணுக்கு நேரா உட்கார்ந்து மூணு நிமிஷம் பேசு. 'எத்தனை நாளா வலிக்குது? ராத்திரி தூங்கினீங்களா?' படுத்துட்ட மனுஷனால கேள்வி கேட்க முடியாது. வாய்க்குள்ள ஏரோட்டர் போனப்புறம் சுத்தமா முடியாது. என் க்ளினிக்ல நான் மிச்சம் பிடிக்கிற நிமிஷமெல்லாம் இந்த மூணு நிமிஷத்துக்குத்தான் போகுது.

அந்தப் பாட்டி அதுக்கப்புறமும் பல வருஷம் என்கிட்டதான் வந்தாங்க. மேல்பல் செட்டுக்கு அளவு எடுக்க வந்த அன்னிக்கு, கலக்கிறதுக்கு முன்னாடியே டிரே, ஆல்ஜினேட், தண்ணி, கல்லு, துண்டு எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல இருந்தது. மூணு நிமிஷத்துல டிரேயை வெளிய எடுத்தேன். "அதுக்குள்ள முடிஞ்சுதா சாமி?"ன்னு கேட்டு, தாவாங்கட்டையைத் தடவிட்டுச் சிரிச்சாங்க.

நாளைக்குக் காலையில இந்தப் பதினொண்ணையும் ஒரேயடியா ஆரம்பிக்காதே, கண்ணு. சுவர்ல அந்த வெள்ளைப் பேப்பரை மட்டும் ஒட்டு. சனிக்கிழமை ராத்திரி கோடெல்லாம் எண்ணிப் பாரு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஃபோன் பண்ணு, எந்தக் காரணம் ஜாஸ்தின்னு பேசலாம்.